அமாவாசைக்குள் பாஸ்வேர்டை மாத்தணும்

மேல்மலையனூரில் என் சித்தி மகன் ஒரு செராக்ஸ் கடை வைத்திருக்கிறான். செராக்ஸ் என்பது பெயருக்குத்தான். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பஸ் டிக்கெட் என்று ஆன்லைனில் ஆகிற காரியம் எல்லாம் அங்கே நடக்கும். மாதம் முழுக்க நெட் ஒழுங்காக ஓடும். அமாவாசை அன்று சாயங்காலம் ஆனால் படுத்துவிடும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, சென்னை என்று எல்லாத் திக்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும் நாள் அது. "டவர் மேல லோடுண்ணா" என்று அவன் முடிவே கட்டியிருந்தான்.

ஆனால் அவன் கடைக்கு நெட் வருவது டவரிலிருந்து அல்ல. கம்பத்திலிருந்து ஒரு ஃபைபர் இழை தொங்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைகிறது. கோவிலுக்கு வரும் கூட்டம் டவரைத் திணறடிக்கலாம். அந்த இழையில் எப்படி ஏறும்?

பதில் கடைச் சுவரிலேயே இருந்தது. லேமினேட் செய்து ஆணி அடித்த ஓர் அட்டை: வைஃபை பெயர், அதன் கீழே பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு அவனுடைய செல் நம்பர். அதே நம்பர் வெளியே போர்டில் ஓர் அடி உயரத்தில் எழுதியிருக்கிறது.

எதிர்வரிசையில் எலுமிச்சம்பழ மாலை கட்டும் கடை, பக்கத்தில் பொரிகடலைக் கடை, பின்னால் வண்டி நிறுத்தும் இடம். எல்லாரிடமும் அந்த பாஸ்வேர்டு இருக்கிறது. அவர்களிடம் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேரோ. ஒருமுறை இணைந்த செல்போன் பாஸ்வேர்டை மறப்பதில்லை. அடுத்த அமாவாசைக்கு அந்தத் தெருவில் நுழைந்ததுமே, பைக்குள் இருந்தபடியே தானாக ஒட்டிக்கொள்ளும்.

சரி, நாற்பது பேர் ஒட்டிக்கொண்டால் நாற்பதில் ஒரு பங்கு வேகமாவது கிடைக்க வேண்டாமா? கிடைக்காது. வைஃபை என்பது ஒற்றைக் கவுன்ட்டர். ஓர் அலைவரிசையில் ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேசலாம். மற்றவை காத்திருக்க வேண்டும். இதில் ஒரு கொடுமை உண்டு. தூரத்தில் இருக்கும் செல்லுக்கு சிக்னல் மங்கல். மங்கலாகக் கேட்பவரிடம் நாம் நிறுத்தி நிதானமாகப் பேசுவது போல வைஃபையும் அதனிடம் வேகத்தைக் குறைத்துப் பேசும். அது ஒரு படத்தை இறக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பத்துப் படம் இறக்கியிருப்பார். பஸ்ஸில் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணித் தருகிறவர் ஒருவர் இருந்தால் கண்டக்டரே நின்றுபோவார் இல்லையா, அதே கதை. பிரான்சில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003ல் இதைக் கணக்கிட்டும் அளந்தும் காட்டினார்கள்: மெதுவான கருவி ஒன்று சேர்ந்தால் போதும், வேகமான கருவிகள் எல்லாம் ஏறத்தாழ அதன் வேகத்துக்கே இறங்கிவிடுகின்றன. வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் நின்று ரீல்ஸ் பார்க்கும் ஒருவர்தான் என் தம்பியின் பட்டா விண்ணப்பத்தைப் பிடித்து வைத்திருந்தவர்.

பாஸ்வேர்டை மாற்றினால் தீர்ந்தது. அங்கேதான் அசல் சிக்கல் ஆரம்பித்தது.

வைஃபை பாஸ்வேர்டை மாற்ற, வைஃபை தரும் பெட்டிக்குள் போக வேண்டும். திசைவி என்று தமிழில் அழகான சொல் இருக்கிறது. எந்தச் செய்தி எந்தத் திசையில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது. ஊரில் மோடம் என்பார்கள், இல்லாவிட்டால் வெறும் 'பாக்ஸ்'. அந்தத் திசைவிக்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அது தன் அமைப்புகளை ஒரு வலைப்பக்கமாகக் காட்டும். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் அந்தப் பக்கம் வரும் என்று தம்பி வீடியோவில் பார்த்திருந்தான். அடித்தான். வரவில்லை. அதே செல்லில் யூடியூப் தட்டுத்தடுமாறியாவது வருகிறது. கடல் தாண்டி இருக்கும் கணினி கிடைக்கிறது, ஒரு முழம் தூரத்தில் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டி கிடைக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள அந்த எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் வேண்டும். முதலில் வகுத்த முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலகத்து ஜனத்தொகைக்கே பற்றாது. ஆளுக்கு ஒரு செல், ஒரு டிவி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் 1996 பிப்ரவரியில் ஒரு பொது ஏற்பாட்டை எழுதி வைத்தார்கள், ஆர்.எஃப்.சி. 1918 என்பது அந்த ஆவணத்தின் பெயர். சில எண் வரிசைகளை ஒதுக்கி, இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம், வெளியே மட்டும் இவை செல்லாது என்றார்கள். 192.168 என்று தொடங்குபவை எல்லாம் அந்த வரிசை.

'மாரியம்மன் கோவில் தெரு, 1ஆம் நம்பர்' என்று ஒரு கவரில் எழுதினால் எந்த ஊருக்குப் போகும்? வளத்தியிலும் அந்தத் தெரு உண்டு, அவலூர்பேட்டையிலும் இருக்கும். ஊருக்குள் நின்று வழி கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் காட்டிவிடும். ஊருக்கு வெளியே போய்விட்டால் அந்த முகவரிக்கு அர்த்தமே இல்லை. 192.168.1.1 அப்படிப்பட்ட முகவரி.

இப்போது தம்பி செய்ததைப் பாருங்கள். முதலில் அந்த எண்ணை கூகுள் தேடல் பெட்டியில் அடித்தான். உள்ளூர் விலாசத்தை வெளியூர்க்காரரிடம் கேட்டது போல. அவர் பத்துப் பக்கம் பதில் சொல்வார், வீட்டைக் காட்டமாட்டார். முகவரிக் கட்டத்தில், அதுவும் முன்னால் எச்.டி.டி.பி. சேர்த்து அடிக்கச் சொன்னேன். அப்போதும் வரவில்லை.

இரண்டாவது தவறு அவனுடையது அல்ல, செல்லினுடையது. வைஃபையில் நெட் மோசமாக இருந்தால் இன்றைய செல்கள் பல சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். திரையில் வைஃபை சின்னம் நிற்கும், போக்குவரத்து டவர் வழியாக நடக்கும். டவர் என்பது ஊருக்கு வெளியே. அங்கே போய் மாரியம்மன் கோவில் தெருவைக் கேட்டால்? வைஃபை படுத்ததால்தான் செல் வெளியே தாவியது. வெளியே தாவியதால்தான் வைஃபையைச் சரிசெய்யும் பக்கம் திறக்கவில்லை. வலி இருக்கும் இடத்தில் கை எட்டாதபடி ஒரு நோய். மொபைல் டேட்டாவை அணைத்தோம். வி.பி.என். ஏதாவது ஓடினால் அதையும் அணைக்க வேண்டும். அதுவும் எல்லாவற்றையும் வெளியூருக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

மூன்றாவது, எண்ணே தப்பு. வீடியோவில் இருந்தவர் வீட்டில் 192.168.1.1. எல்லாப் பெட்டிக்கும் அதே எண் என்று சட்டம் இல்லை. ஊகிக்கவும் வேண்டாம். செல்லின் வைஃபை அமைப்பில், இணைந்திருக்கும் வலையின் பெயரைத் தொட்டால் விவரங்கள் வரும். அதில் 'கேட்வே' என்று ஒரு வரி இருக்கும். நுழைவாயில் என்று அர்த்தம்: வளாகத்தை விட்டு வெளியே போக எந்த வாசல் என்று திசைவியே செல்லுக்குச் சொல்லி வைத்த எண். எங்கள் பெட்டிக்கு அது 192.168.0.1. ஒன்றுக்குப் பதில் ஒரு பூஜ்யம். அடித்தோம், பக்கம் வந்தது.

வந்தது என்றால் முழுதாக அல்ல. 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் மிரட்டியது. தம்பி பின்வாங்கினான். வங்கிப் பக்கத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் அப்படித்தான் பின்வாங்க வேண்டும். இங்கே காரணம் வேறு. ஒரு வலைத்தளம் அசல்தான் என்று சான்றிதழ் தரும் அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் 1ஆம் நம்பர் வீட்டுக்கு எந்த அமைப்பு சான்றிதழ் தரும்? தர முடியாது என்பதால் பிரவுசர் முறைக்கிறது. நம் பெட்டி, நம் வளாகம் என்று தெரிந்தால் தாண்டிப் போகலாம். இந்த ஓர் இடத்தில் மட்டும்.

அடுத்து பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்டது. வைஃபை பாஸ்வேர்டைப் போட்டான். தப்பு என்றது. மறுபடி போட்டான். நாலாவது முறைக்குப் பிறகு சில நிமிடம் பொறு என்று பூட்டிக்கொண்டது.

பலரும் குழம்பும் இடம் இதுதான். பெட்டிக்கு இரண்டு சாவி. வைஃபை பாஸ்வேர்டு கோவில் வாசல் சாவி. உள்ளே வர மட்டும். இந்தப் பக்கம் கேட்பது உண்டியல் சாவி. வெளிச்சாவியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். ஆபத்து அதிகம் உள்சாவியில்.

அது பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். கவிழ்த்துப் பார்த்தோம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சரியாக அந்த வரியின் மேல் காய்ந்து உட்கார்ந்திருந்தன. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வரும் போலிருந்தது. இணைப்பு போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டான். அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை: "அட்மின், அட்மின் போடு. எல்லா பாக்ஸுக்கும் அதான்."

கதவு திறந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

2016ல் மிராய் என்று ஒரு தீநிரல் உலகெங்கும் பரவியது. அதில் மேதைத்தனம் எதுவும் இல்லை. இணையத்தில் கண்ணில் படும் ஒவ்வொரு கேமரா, ஒவ்வொரு திசைவியின் கதவையும் தட்டி, 'அட்மின் அட்மின்' போன்ற சுமார் 60 ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். திறந்தால் அந்தக் கருவி அதன் அடிமை. இந்தப் பட்டியல் நமக்கு எப்படித் தெரியும் என்றால், எழுதியவர்களே அந்த நிரலை இணையத்தில் வெளியிட்டுவிட்டார்கள். அந்த 60 ஜோடியை வைத்துச் சேர்த்த படை, 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் மேல் ஏவப்பட்டபோது, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவின் பெரும்பகுதியில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராயை எழுதியதற்காகப் பிடிபட்டவர்கள் மூன்று இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதே 2017 ஜூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. காரணம் அதே ஆலைப் பாஸ்வேர்டு. பெட்டியோடு வந்ததை யாரும் மாற்றியிருக்கவில்லை.

செயலிழந்தால்கூட பரவாயில்லை, தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பது மோசம். நாம் ஒரு தளத்தின் பெயரை அடிக்கும்போது அதற்குரிய எண் முகவரியைத் தேடித்தரும் ஒரு பெயரேடு இருக்கிறது, டி.என்.எஸ். என்பது அது. எந்தப் பெயரேட்டைப் பார்க்க வேண்டும் என்பது திசைவிக்குள் எழுதியிருக்கிறது. உண்டியல் சாவி கிடைத்தவன் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடிப்பீர்கள். போய்ச் சேருவது வேறு இடத்தில். பிரேசிலில் இப்படி சுமார் 45 லட்சம் மோடம்களில் பெயரேட்டை மாற்றியிருந்தது 2012ல் வெளியே வந்தது. ஊர்ஜனத்தின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் நாளெல்லாம் கடந்துபோகும் ஒரு செராக்ஸ் கடையில் அந்த வரியின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிச்சாவி இரவல் போவதிலும் ஒரு வம்பு உண்டு. கடைக்குள் நாற்பது செல் இருந்தாலும் வெளி உலகத்துக்குத் தெரிவது திசைவியின் ஒரே முகவரிதான். உள்ளூர் எண்களை எல்லாம் அது தன் ஒரு வெளி எண்ணுக்குள் மறைத்துத்தான் அனுப்புகிறது. ஆகவே யார் எதை அனுப்பினாலும் அனுப்பியவர் கடைக்காரர். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு தொலைக்காட்சிகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருக்கு அதில் தொடர்பே இல்லை. வைஃபை பூட்டாமல் இருந்தது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த இரண்டு மாதத்தில் மாதுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையும் செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையும் இதேபோல் பயன்பட்டன. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் பூட்டாத வைஃபை எங்கே இருக்கிறது என்று தெருத்தெருவாகப் பார்த்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. இதைச் சொன்னதும் தம்பி எழுந்து போய்ச் சுவர் அட்டையைக் கழற்றினான்.

பக்கத்துக்குள் 'இணைந்துள்ள கருவிகள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. கடையில் இருப்பவை நாலு. பட்டியலில் 31. ரெட்மி, விவோ, பெயரில்லாத கோடுகள், ஒரு ஸ்மார்ட் டிவி. டிவி யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினோம். பிறகுதான் வைஃபை. செல் நம்பர் வேண்டாம் என்றேன். ஏன், பத்து இலக்கம் பெரிதுதானே என்றான். வைஃபையில் பாஸ்வேர்டு காற்றில் போவதில்லை. செல்லும் திசைவியும் அதை வைத்து ஒரு கணக்கைப் போட்டு விடையை மட்டும் காட்டிக்கொள்ளும். ஒட்டுக்கேட்பவன் அந்த விடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒவ்வொரு பாஸ்வேர்டாக அதே கணக்கில் போட்டு, எதற்கு இந்த விடை வருகிறது என்று சாவகாசமாகப் பார்க்கலாம். நம் செல் நம்பர்கள் 6, 7, 8, 9ல்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு விநாடிக்கு 5 லட்சம் போட்டுப் பார்க்கும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 8,000 விநாடி. இரண்டேகால் மணி நேரம்கூட ஆகாது. அர்த்தமில்லாமல் கலைத்துப்போட்ட 12 சின்ன ஆங்கில எழுத்துகள் என்றால் அதே கார்டுக்கு 6,000 வருஷம். வேறுபாடு பூட்டில் இல்லை, சாவியில்.

பூட்டிலும் பழசு உண்டு. மறையாக்க முறை என்று பட்டியலில் டபிள்யூ.இ.பி. தெரிந்தால் தொடவே தொடாதீர்கள். 2001லேயே ஓட்டை தெரிந்து, 2007ல் ஒரு நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்று ஜெர்மனியில் செய்து காட்டினார்கள். டபிள்யூ.பி.ஏ. 2 பரவாயில்லை. 2018ல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் அதையே எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாவகாசமாகப் போட்டுப் பார்க்கும் வேலை அதில் நடக்காது, ஒவ்வொரு முயற்சிக்கும் திசைவியிடமே வந்து நிற்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஓட்டை டபிள்யூ.பி.எஸ். பாஸ்வேர்டு அடிக்கத் தெரியாதவர்களுக்காக 8 இலக்க எண் ஒன்றைப் பெட்டியிலேயே அச்சடித்து வைத்தார்கள். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு. விநாடிக்கு அல்ல, இரண்டு விநாடிக்கு ஒருமுறை போட்டால் ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் ஒன்றைக் கவனித்தார். எண் தப்பாக இருந்தால், தப்பு முதல் நாலில் இருக்கிறதா பின் நாலில் இருக்கிறதா என்று திசைவியே சொல்லிவிடுகிறது! எட்டு வளையப் பூட்டில் முதல் நாலு வளையம் பொருந்தியதும் 'க்ளிக்' என்று சத்தம் வந்தால் எப்படி இருக்கும்? முதல் பாதிக்கு 10,000 முயற்சி. பின் பாதியில் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் சரிபார்க்கும் எண், தனியாகத் தேட வேண்டாம், ஆக 1,000. பெருக்க வேண்டியதைக் கூட்டினால் போதும் என்று ஆகிவிட்டது: 11,000. அதே இரண்டு விநாடிக் கணக்கில் ஆறு மணி நேரம். ராத்திரி ஊஞ்சல் பார்த்துவிட்டு, காலையில் பஸ் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். எங்கள் பெட்டியில் அது ஆன் செய்தே இருந்தது. அணைத்தோம்.

ஊசி நுழைகிற ஓட்டை வழியாக ரீசெட் பட்டனை அழுத்திவிடலாமே என்று நடுவில் தம்பி கேட்டான். பாஸ்வேர்டே தெரியாவிட்டால் அதுதான் கடைசி வழி. ஆனால் ஃபைபர் பெட்டியில் இணைப்புக்கான பயனர் விவரங்களும் உள்ளே பதிந்திருக்கும். ரீசெட் அதையும் சேர்த்துத் துடைத்துவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் அழுத்திவிட்டுத் திங்கள்வரை ஆள் வரவில்லை என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் விவரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

"மாலைக் கடை அக்காவுக்கு என்னண்ணா சொல்றது? கேப்பாங்க" என்றான். அதற்கும் பெட்டியில் வழி இருந்தது: விருந்தினர் வலை. தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதில் வருபவர்களுக்கு நெட் கிடைக்கும். கடைக் கணினியும் அமைப்புப் பக்கமும் கண்ணில் படாது. வீட்டுக்கு முன்னால் திண்ணை கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு வேக வரம்பு ஒன்றும் வைத்தோம். அக்காவுக்கு அதைக் கொடுத்தான்.

அடுத்த அமாவாசை ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினான். கடையில் நாலு, திண்ணையில் ஆறு. பட்டா விண்ணப்பம் ஒரே தடவையில் ஏறியதாம்.

உங்கள் வீட்டுப் பெட்டியை இன்றைக்கே கவிழ்த்து, அடியில் இருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு முன்னால்.